காற்றாலை மின்சாரத்துக்கும் ஊரெல்லாம் ஓடும் சுடுநீர்க் குழாய்க்கும் என்ன தொடர்பு?

செங்கல்வீடு (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். டென்மார்க்கின் யூலாந்துப் பகுதியில், ஏறத்தாழ இரண்டாயிரம் வீடுகள் கொண்ட ஒரு சிற்றூரில் சென்ற ஆண்டு வீடு வாங்கிக் குடிவந்தோம். 1970-களில் கட்டிய செங்கல் வீடு. எரிவாயுக் கொதிகலனில்தான் இதுவரை குளிர்காலத்தைக் கடத்தியிருக்கிறோம். 2022-இல் எரிவாயு விலை எகிறியபோது, எரிவாயுவில் சூடாக்கப்படும் வீடுகளுக்கெல்லாம் அந்தந்தக் கொம்யூன் (உள்ளாட்சி) ஒரு கடிதம் அனுப்பியது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். முந்தைய உரிமையாளர் விட்டுச் சென்ற கோப்பில் அந்தக் கடிதமும் இருக்கிறது. இப்போது எங்கள் தெருவின் முறை வந்திருக்கிறது. "ஃபியர்ன்வாம" எனப்படும் வட்டார வெப்ப வழங்கலில் சேர்வதா இல்லையா என்று இந்த மாத முடிவுக்குள் கையெழுத்திட்டுச் சொல்ல வேண்டும்.

வெப்ப நிறுவனம் அனுப்பிய கையேட்டின் முகப்பில் ஒரு காற்றாலைப் படம் போட்டிருக்கிறார்கள். எனக்குப் புரியாதது அதுதான். காற்றாலை தருவது மின்சாரம். என் வீட்டுக்கு மின்கம்பி ஏற்கெனவே வருகிறது. சுவருக்கு வெளியே ஒரு ஹீட் பம்ப்பை (வெளிக்காற்றின் வெப்பத்தை மின்சாரத்தால் உள்ளே இழுத்துத் தரும் கருவி) வைத்துவிட்டால் அந்தக் காற்றாலை மின்சாரமே என் வீட்டைச் சூடாக்கிவிடுமே. அப்படியிருக்க, ஊர் எல்லையில் ஒரு நிலையம் கட்டி, தண்ணீரைச் சூடாக்கி, தெருவைத் தோண்டிக் குழாய் பதித்து, வழிநெடுக மண்ணுக்கும் கொஞ்சம் வெப்பத்தைத் தாரைவார்த்து என் வீட்டுக்குக் கொண்டுவருவதால் புதுப்பிக்கத்தக்க ஆற்றலுக்கு என்ன ஆதாயம்? விளம்பர வாசகமாக இல்லாமல், விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

கொதிகலன்காவல்

வணக்கம். யூலாந்தின் வேறொரு சிற்றூரில், நுகர்வோரே கூட்டாகச் சொந்தமாக வைத்திருக்கும் ஒரு வெப்ப நிலையத்தில் பதினாறு ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். ஊரின் அளவு உங்கள் ஊரைப் போன்றதுதான் என்பதால், எங்கள் நிலையத்தையே எடுத்துக்காட்டாக வைத்துச் சொல்கிறேன்.

எங்களிடம் வெப்பம் தரும் கருவிகள் நான்கு இருக்கின்றன. 1990-களில் நிறுவப்பட்ட எரிவாயு இயந்திரம் மின்சாரத்தையும் வெப்பத்தையும் சேர்த்தே தரும். மரச்சீவல் கொதிகலன் வெப்பம் மட்டும் தரும். வெளிக்காற்றிலிருந்து வெப்பத்தை இழுக்கும் பெரிய ஹீட் பம்ப் ஒன்று உண்டு. நான்காவது 10 மெகாவாட் மின் கொதிகலன். இந்த மின் கொதிகலன், உண்மையைச் சொன்னால், நம் சமையலறைக் கேத்தலின் பெரிய அண்ணன்தான். இவை எல்லாவற்றையும் விட முக்கியமானது முற்றத்தில் நிற்கும் 3,000 கன மீட்டர் எஃகுத் தொட்டி. நிலையத்தைப் பார்க்க வரும் பள்ளிப் பிள்ளைகள் ஹீட் பம்ப்பின் முன்னால்தான் படம் எடுத்துக்கொள்கிறார்கள்; தொட்டியை ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. உங்கள் கேள்விக்கான விடை அந்தத் தொட்டியில் இருக்கிறது.

அடுத்த நாளுக்கான மின்சார விலை ஒவ்வொரு நாளும் நண்பகல் கடந்து ஒரு மணி அளவில் வெளியாகும். மேற்கிலிருந்து புயற்காற்று வருமென்றால், நள்ளிரவிலிருந்து விடியற்காலை வரை விலை தரைமட்டத்துக்கு இறங்கிக் கிடப்பதைத் திரையில் பார்க்கலாம். சில மணிநேரங்களில் அது சுழியத்துக்கும் கீழே போகும். அத்தகைய இரவில் எரிவாயு இயந்திரத்தை நிறுத்திவிட்டு, ஹீட் பம்ப்பை முழு வேகத்தில் ஓட்டி, மின் கொதிகலனையும் தட்டிவிட்டு, தொட்டியை மேலிருந்து கீழே நிரப்புவோம். தொட்டியில் சுடுநீர் மேலேயும் குளிர்ந்து திரும்பிய நீர் கீழேயும் கலக்காமல் நிற்கும். நடுவே உள்ள எல்லைக்கோடு மெல்ல இறங்கி வருவதை வெப்பமானிகளின் வரிசையில் பார்த்துக்கொண்டிருப்பது எனக்கு இன்றும் சலிக்காத காட்சி. விடிந்து ஆறு மணிக்கு ஊர் முழுவதும் குளிக்கத் தொடங்கும்போது, வீடுகளுக்குப் போவது இரவுக் காற்று சூடாக்கிய தண்ணீர்.

இதற்கு நேர்மாறான நாளும் உண்டு. ஜனவரி, பிப்ரவரியில் உறைபனியோடு காற்றே அசையாத நாட்கள் வரும். அப்போது மின்சாரம் விலை உயர்ந்து, நாட்டுக்கே பற்றாக்குறையாக இருக்கும். அன்று மின்சாரத்தை உண்ணும் கருவிகளையெல்லாம் நிறுத்திவிட்டு, எரிவாயு இயந்திரத்தை இயக்கி மின்சாரத்தை விற்போம். அதில் வரும் வெப்பத்தை ஊருக்கு அனுப்புவோம். ஆக, மின்சாரம் மிகும்போது வாங்குபவராகவும், குறையும்போது விற்பவராகவும் ஒரே நிலையம் மாறிக்கொள்கிறது. உங்கள் சுவருக்கு வெளியே நிற்கும் தனி ஹீட் பம்ப்பால் இதைச் செய்ய முடியாது. காற்று இல்லாத அந்த உறைபனி மாலையில், தெருவில் உள்ள எல்லா வீடுகளின் ஹீட் பம்ப்பும் ஒன்றாக ஓடும். மின்வலைக்கு மிகக் கடினமான அந்த நேரத்தில்தான் அவை அதிக மின்சாரம் கேட்கும்.

ஒரு சிறு கணக்கையும் பார்த்துவிடலாம். ஒரு கன மீட்டர் தண்ணீரை 40 பாகையிலிருந்து 90 பாகைக்குச் சூடாக்கினால் அதில் சுமார் 58 கிலோவாட் மணி, அதாவது 58 யூனிட் வெப்பம் தங்கும். அப்படியென்றால் எங்கள் 3,000 கன மீட்டர் தொட்டியில் ஏறத்தாழ 174,000 யூனிட் அடங்கும். 10 மெகாவாட் மின் கொதிகலன் பதினேழு மணிநேரம் ஓடினால்தான் அது நிரம்பும். இதே அளவு ஆற்றலை மின்கலத்தில் தேக்கிவைக்க எத்தனை கோடி குரோனர் ஆகும் என்பதை ஒரு மின்கல விற்பனையாளரிடம் கேட்டுப் பாருங்கள். எங்களிடம் இருப்பது வெறும் எஃகும் தண்ணீரும், அரை மீட்டர் அளவுக்குக் கண்ணாடி இழைப் பஞ்சும்தான்.

பழையகணக்கு

மேலே எழுதியவர் இன்றைய நிலையை அழகாக விளக்கிவிட்டார். நான் இந்நாட்டுக்கு 1980-களின் நடுவில் வந்தவன்; கட்டடப் பொறியியல் படித்து, ஓய்வும் பெற்றுவிட்டேன். இந்தக் குழாய்கள் எப்படி வந்தன என்பதைச் சொல்லாமல் அவற்றின் இன்றைய பயனைச் சொல்வது பாதிக் கதையாகிவிடும்.

எங்களை முதலில் குடியமர்த்திய அடுக்குமாடி வீட்டில், வந்த இரண்டாம் நாள் நான் அடுப்பைத் தேடினேன். வெளியே பனி கொட்டுகிறது. உள்ளே ரேடியேட்டர் கொதிக்கிறது. ஆனால் கட்டடத்தில் எங்குமே எதுவும் எரியவில்லை, புகைபோக்கியும் இல்லை. நிலவறைக்கு இறங்கிப் பார்த்தபோது சுவரைத் துளைத்துக்கொண்டு வந்த இரண்டு குழாய்களும் ஒரு மீட்டரும் மட்டுமே இருந்தன. நெருப்பு எங்கோ இருக்கிறது, வெப்பம் இங்கே இருக்கிறது என்பதை மனம் ஏற்றுக்கொள்ளச் சில நாட்கள் பிடித்தன.

டென்மார்க்கில் இது 1903-இல் பிரெடரிக்ஸ்பேர்க்கில் தொடங்கியது. நகரத்தின் குப்பையைக் கொட்ட இடமில்லை. ஆகவே அதை எரிக்க ஓர் ஆலை கட்டினார்கள். எரித்ததில் வந்த வெப்பத்தை வீணாக்காமல் அருகிலிருந்த மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். வேறொன்றின் மிச்சத்தைப் பயன்படுத்துவது என்பது இந்தத் தொழிலின் பிறவிக் குணம் என்று நான் நினைப்பதுண்டு.

உண்மையான திருப்பம் 1973-ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடிதான். அப்போது நாட்டின் ஆற்றல் தேவையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் இறக்குமதி எண்ணெயை நம்பியிருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டத் தடை விதித்த காலம் அது. அதன் பிறகு 1979-இல் வெப்ப வழங்கல் சட்டம் வந்தது. எந்தப் பகுதிக்கு வட்டார வெப்பம், எந்தப் பகுதிக்கு எரிவாயு என்று ஒவ்வொரு கொம்யூனும் வரைபடம் போட்டுப் பிரிக்க வேண்டியதாயிற்று. உங்கள் வீட்டில் எரிவாயு இருப்பதும், பக்கத்து ஊரில் சுடுநீர் ஓடுவதும் பெரும்பாலும் அந்தக் காலத்துக் கோடுகளின் விளைவு. அதே சட்டத்தின்படி வெப்ப நிறுவனங்கள் இலாபம் ஈட்டக் கூடாது. ஆன செலவை மட்டுமே நுகர்வோரிடம் வசூலிக்கலாம், மிஞ்சினால் அடுத்த ஆண்டு விலையில் கழித்துவிட வேண்டும். இன்று நாட்டின் வீடுகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இந்தக் குழாய்களோடு இணைந்திருக்கின்றன. கொப்பன்ஹேகன் நகரில் அநேகமாக எல்லா வீடுகளும்.

அந்த 1979-இல் காற்றாலைகளைப் பற்றி யாரும் பெரிதாக நினைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். எண்ணெயை மிச்சப்படுத்தத்தான் குழாய் பதித்தார்கள். இன்று நாட்டின் மின்சாரத்தில் பாதிக்கு மேல் காற்றிலிருந்து வரும் காலத்தில், அதே குழாய்கள் வேறொரு வேலைக்கு உதவுகின்றன. எரிபொருள் எண்ணெயிலிருந்து நிலக்கரிக்கும், பிறகு எரிவாயுவுக்கும் மரத்துக்கும், இப்போது மின்சாரத்துக்கும் மாறியிருக்கிறது. நான் முதலில் பார்த்த நிலவறையில் மீட்டரைத் தவிர வேறெதுவும் மாறவில்லை. ஆயிரக்கணக்கான வீட்டுக்காரர்களைத் தனித்தனியாகச் சம்மதிக்க வைக்காமல், ஒரு நிலையத்தை மாற்றினால் ஊரே மாறிவிடுகிறது. என் பார்வையில், தொட்டியைக் காட்டிலும் பெரிய ஆதாயம் இது.

எதிர்க்கேள்வி

நல்ல விளக்கங்கள், ஆனால் கல்யாண வீட்டுப் பேச்சுப் போல எல்லாம் இனிப்பாகவே இருக்கின்றன. கையெழுத்திடப் போகிறவருக்கு மறுபக்கமும் தெரிய வேண்டும்.

முதலாவது, இந்நாட்டின் வட்டார வெப்பத்தில் பாதிக்கும் மேற்பட்ட பங்கு காற்றிலிருந்தோ சூரியனிலிருந்தோ வருவதில்லை; மரத்தையும் வைக்கோலையும் குப்பையையும் எரித்து வருகிறது. மர உருண்டைகள் பால்டிக் நாடுகளிலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் கப்பலில் வருகின்றன. புகைபோக்கியில் வெளிவரும் கரியமில வாயுவை ஐரோப்பிய விதிகள் சுழியம் என்று கணக்கிடுவதால் அது சுழியமாகிவிடாது. வெட்டிய மரம் மீண்டும் வளரப் பல பத்தாண்டுகள் ஆகும். குப்பை எரிப்பும் அப்படித்தான். கொப்பன்ஹேகனில் பனிச்சறுக்குத் தளத்தைக் கூரையாகக் கொண்ட ஆமா பக்கே ஆலையை உலகமே வந்து படம் பிடிக்கிறது. ஆனால் இந்நாட்டின் எரிப்பாலைகளுக்கு உள்ளூர்க் குப்பை போதாமல் வெளிநாட்டுக் குப்பையும் வாங்கி எரித்திருக்கிறார்கள். எரிப்புத் திறனை 30 விழுக்காடு குறைப்பதென்று 2020-இல் நாடாளுமன்றக் கட்சிகள் உடன்பட்டதற்குக் காரணம் இல்லாமலா?

இரண்டாவது, குழாயில் இழக்கும் வெப்பம். நாடு தழுவிய சராசரியாக, அனுப்புவதில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு மண்ணுக்குள் போகிறது. வீடுகள் தள்ளித் தள்ளி நிற்கும் சிற்றூர்களில் இன்னும் மோசம். கோடையில் குளிக்கும் நீருக்காக மட்டும் முழு வலையையும் சூடாக வைத்திருக்கும்போது, அனுப்பும் வெப்பத்தில் பெரும் பங்கு வழியிலேயே கரைந்துவிடும்.

மூன்றாவது, ஒரே விற்பனையாளர். விலை பிடிக்கவில்லை என்றால் வேறு நிறுவனத்துக்கு மாற முடியாது. இலாபம் இல்லை என்பது உண்மைதான். ஆனால் தவறான முதலீட்டின் செலவையும் இலாபமில்லாத அந்த விலையில் சேர்த்துத்தானே நம் தலையில் கட்டுகிறார்கள்?

கொதிகலன்காவல்

எதிர்க்கேள்வி அவர்கள் சொன்னதில் மறுக்க வேண்டியது அதிகமில்லை. மரம் பற்றிய குற்றச்சாட்டை நான் முழுமையாக ஏற்கிறேன். பல பெரிய நகரங்கள் நிலக்கரியை விட்டு மரத்துக்கு மாறியது, வரி விலக்கு அந்தப் பக்கம் இருந்ததால் எடுத்த எளிய வழி. இன்னொரு உண்மையையும் நானே சொல்லிவிடுகிறேன்: வெகுகாலம் காற்று வீசியும் அந்த மின்சாரம் எங்கள் தொட்டிக்குள் வரவில்லை. வெப்பத்துக்குப் பயன்படும் மின்சாரத்தின் மீது அவ்வளவு வரி இருந்தது. 2018 முடிவில், எரிவாயு இயந்திர நிலையங்களுக்கு அரசு கொடுத்துவந்த நிலையான மானியம் நின்றது; 2021 தொடக்கத்தில் மின்வெப்ப வரி ஏறத்தாழ இல்லாத அளவுக்குக் குறைக்கப்பட்டது. நாங்கள் ஹீட் பம்ப் வாங்கியது அதன் பிறகுதான். குழாயும் தொட்டியும் வாய்ப்பை மட்டுமே தருகின்றன. அந்த வாய்ப்பில் எதை ஊற்றுவது என்பதைச் சட்டமும் விலையும் தீர்மானிக்கின்றன.

மரத்தையும் நிலக்கரியையும் விட்டு வெளியேற வழி உண்டா என்று கேட்டால், மேற்குக் கரையில் உள்ள எஸ்பியர் நகரைச் சொல்வேன். அங்கே நகருக்கு வெப்பம் தந்த நிலக்கரி நிலையம் 2024-இல் மூடப்பட்டது. அதன் இடத்தை நிரப்பும் கருவிகளில் முதன்மையானது, துறைமுகத்தில் கடல்நீரிலிருந்து வெப்பத்தை எடுக்கும் 70 மெகாவாட் ஹீட் பம்ப் நிலையம். ஏறத்தாழ 25,000 வீடுகளின் தேவைக்கு அது போதும் என்கிறார்கள். உள்ளே சுற்றும் குளிரூட்டியாகக் கரியமில வாயுவையே பயன்படுத்துகிறார்கள். பக்கத்திலிருக்கும் வாடன் கடல் உலகப் பாரம்பரியத் தலம். கசிந்தாலும் அந்தச் சேற்றுக் கடலின் உயிர்களுக்கு நஞ்சாகாத பொருளாக இருக்க வேண்டும் என்பது ஒரு காரணம். அதற்குத் துணையாக மின் கொதிகலனும், உச்சக் குளிருக்கு மரச்சீவல் கொதிகலனும் இருக்கின்றன. ஆக மரம் அங்கேயும் முற்றாக ஒழியவில்லை. ஆனால் முதல் வரிசையிலிருந்து பின்வரிசைக்குப் போயிருக்கிறது.

கோடை வெயிலைக் குளிர்காலத்துக்கு எடுத்துவைக்கும் ஊர்களும் உண்டு. ஏரோ தீவின் மார்ஸ்டல் ஊரில் 33,000 சதுர மீட்டருக்கும் மேற்பட்ட சூரிய வெப்பத் தகடுகளும், நிலத்தில் தோண்டிய 75,000 கன மீட்டர் குழித் தேக்கமும் இருக்கின்றன. தென் யூலாந்தின் வோயன்ஸ் ஊர் இன்னும் துணிந்து, பழைய மணற்குழி ஒன்றில் 2015-இல் 200,000 கன மீட்டர் கொள்ளும் தேக்கத்தை அமைத்தது. கேட்பதற்குப் பெரிய தொழில்நுட்பமாகத் தோன்றும். நேரில் போய்ப் பார்த்தால், தடித்த பிளாஸ்டிக் விரிப்பு போட்ட ஒரு குளமும், அதன்மேல் மிதக்கும் வெப்பக்காப்பு மூடியும்தான். நம் ஊர் ஏரியை நினைத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்து நீரைக் கோடைக்கு வைப்பதற்குப் பதிலாக, கோடைகாலத்து வெப்பத்தைக் குளிருக்கு வைக்கிறார்கள். மூடிதான் தலைவலி. தொடக்ககாலக் குழிகளில் மூடிக்குள் ஈரம் புகுந்து காப்புத் திறன் குறைந்து, மாற்ற வேண்டிய நிலை வந்தது. மழைநீர் தேங்காமல் நடுவை நோக்கி ஓடும்படி மூடியை அமைப்பதற்குள் துறையே ஒரு பாடம் படித்தது.

இவற்றோடு, இதுவரை வானத்துக்குப் போன வெப்பங்களையும் சேர்க்க வேண்டும். ஓடென்சே நகரில் ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டா நிறுவனத்தின் தரவு மையத்தில் கணினிகளைக் குளிர்விக்கும்போது வெளியேறும் வெதுவெதுப்பான காற்றின் வெப்பத்தை ஹீட் பம்ப் மூலம் உயர்த்தி நகர வலையில் விடுகிறார்கள். 25, 30 பாகை வெப்பத்தைத் தனி வீட்டுக்காரர் ஒருவர் போய் வாங்கிவர முடியாது. அதை வாங்குவதற்கு ஊருக்கு ஒரு பொதுக் குழாய் வேண்டும்.

குழாய் இழப்பைப் பொறுத்தவரை, அது தண்ணீரின் வெப்பநிலையைப் பொறுத்தது. 80 பாகையில் அனுப்பி 40 பாகையில் திரும்பும் வலையின் சராசரி 60. மண் 10 பாகை என்றால் வித்தியாசம் 50. அதையே 60 பாகையில் அனுப்பி 30 பாகையில் திரும்பப் பெற்றால் வித்தியாசம் 35 ஆகிவிடும். இழப்பு ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்துவிடும். நான்காம் தலைமுறை வட்டார வெப்பம் என்ற பெயரில் ஓல்போர்க் பல்கலைக்கழகத்தின் ஹென்ரிக் லுண்டும் அவருடைய குழுவினரும் 2014-இல் வரையறுத்துக் காட்டியது இந்தத் திசையைத்தான். நீராவியில் தொடங்கி, நூறு பாகைக்கு மேற்பட்ட அழுத்த நீருக்கும், பிறகு நூறுக்குக் கீழும் இறங்கிய இந்தத் தொழில், இப்போது 50, 60 பாகையை நோக்கி இறங்குகிறது. நீர் எவ்வளவு தணிந்த சூட்டில் ஓடுகிறதோ, ஹீட் பம்ப் அவ்வளவு குறைந்த மின்சாரத்தில் அதைத் தரும்.

வீடுகள் மிகத் தள்ளி நிற்கும் இடங்களில் தனி ஹீட் பம்ப்தான் சரி. அதில் எனக்கு எதிர்க்கேள்வியோடு பிணக்கு இல்லை. அரை கிலோமீட்டருக்கு நான்கு வீடுகள் என்றால் நாங்களே குழாய் பதிக்க மாட்டோம்.

ஒரே விற்பனையாளர் என்ற குறைக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. நுகர்வோர் சொந்தமாக வைத்திருக்கும் நிறுவனம் என்றால் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் உங்களுக்கு ஒரு வாக்கு உண்டு. எங்கள் கூட்டத்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் முதியவர்கள். கூட்டத்தின் முடிவில் கொடுக்கும் ரொட்டியும் பியரும் இல்லையென்றால் அவர்களும் வருவார்களா என்பது ஐயமே. கணக்குப் புத்தகத்தைக் கேள்வி கேட்டு நான் பார்த்த தமிழர் இதுவரை ஒருவர் மட்டும்.

செங்கல்வீடு

எல்லோருக்கும் நன்றி. தொட்டியின் பங்கு இப்போது புரிகிறது. ஆனால் ஓர் ஐயம் எஞ்சியிருக்கிறது. 60 பாகையில் அனுப்பி 30 பாகையில் திரும்ப வேண்டும் என்கிறீர்கள். அனுப்புவது நிலையத்தின் கையில் இருக்கிறது. திரும்பும் நீரின் வெப்பநிலை யார் கையில் இருக்கிறது? நிறுவனத்தின் விலைப்பட்டியலில் "திரும்பு நீர் வெப்பநிலைக் கூடுதல் கட்டணம்" என்று ஒரு வரி இருப்பதை இப்போதுதான் கவனித்தேன்.

பழையகணக்கு

அது உங்கள் கையில்தான் இருக்கிறது, அந்த வரியால் சூடுபட்டவன் நான். இந்த வீட்டுக்கு மாறிய முதல் குளிர்காலத்தின் முடிவில் வந்த ஆண்டுக் கணக்கில், எதிர்பாராத ஒரு கூடுதல் தொகை சேர்ந்திருந்தது. வெப்பத்தைக் கூடுதலாகப் பயன்படுத்தியதற்காக அல்ல. வாங்கிய நீரைப் போதுமான அளவு குளிர்விக்காமல் திருப்பி அனுப்பியதற்காக. முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. உணவகத்தில் சோற்றை மீதம் வைத்ததற்கு அபராதம் கேட்டது போலத் தோன்றியது.

மீட்டரின் பொத்தானை அழுத்திக்கொண்டே போனால் திரையில் இரண்டு வெப்பநிலைகள் வரும். உள்ளே வரும் நீர் 67, வெளியே போகும் நீர் 49 என்று காட்டியது. பாதி வெப்பத்தைக்கூட எடுக்காமல் திருப்பியனுப்பிக்கொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் விளங்கியது. காரணங்கள் இரண்டு. சிக்கனம் என்று எண்ணி, கூடத்தில் ஒரே ஒரு ரேடியேட்டரை முழுவதும் திறந்துவிட்டு, மற்ற அறைகளில் எல்லாவற்றையும் மூடி வைத்திருந்தேன். அந்த ஒரு ரேடியேட்டருக்குள் நீர் வேகமாகப் பாய்ந்து, சூட்டை விட்டுவிட நேரமில்லாமல் வெளியேறியது. இரண்டாவது, குளியலறைத் தரைக்குள் ஓடும் குழாயின் தெர்மோஸ்டாட் திறந்த நிலையிலேயே இறுகிப்போயிருந்தது. அதை மாற்ற ஒரு குழாய்த் தொழிலாளருக்கு அரை மணிநேரம் போதுமானதாக இருந்தது.

இப்போது நான் செய்வது எளிது. எல்லா ரேடியேட்டர்களையும் ஒரே எண்ணில், மிதமாகத் திறந்து வைக்கிறேன். அவ்வப்போது கையை வைத்துப் பார்ப்பேன்; மேற்பகுதி சூடாகவும் அடிப்பகுதி கையின் வெதுவெதுப்புக்குச் சற்றுக் குறைவாகவும் இருந்தால் சரி. அடியும் சூடாக இருந்தால் ஏதோ கோளாறு என்று பொருள். அடுத்த குளிர்காலத்தில் திரும்பு நீர் 34-க்கு இறங்கியது; கூடுதல் கட்டணமும் நின்றது.

இது நிறுவனத்தின் பிடிவாதம் மட்டுமல்ல. மேலே எஸ்பியரின் கடல்நீர் ஹீட் பம்ப்பைப் பற்றிச் சொன்னார்கள் அல்லவா? கரியமில வாயுவில் இயங்கும் அந்த வகைக் கருவிக்குத் திரும்பி வரும் நீர் குளிர்ந்திருக்க வேண்டும். சூடாக வந்தால் அதன் திறன் வெகுவாக விழும். தொட்டிக்கும் அதே கணக்குத்தான். கீழே வந்து சேரும் நீர் 40 பாகைக்குப் பதில் 50 பாகை என்றால், அதே தொட்டியின் கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்கு காணாமற் போய்விடும். என் குளியலறையில் இறுகிக் கிடந்த ஒரு சிறு வால்வு, காற்றாலை மின்சாரத்துக்கான இடத்தைத் தன் பங்குக்குக் குறைத்துக்கொண்டிருந்தது என்பதே இதன் பொருள்.

ஓர் எச்சரிக்கை: குளிக்கும் நீரின் வெப்பநிலையை இந்த ஆர்வத்தில் குறைத்துவிடாதீர்கள். தேக்கிவைக்கும் உருளையில் நீர் வெதுவெதுப்பாகவே கிடந்தால் லெஜியோனெல்லா என்ற நோய்க் கிருமி வளரும். புதிய வீடுகளில் உருளைக்குப் பதிலாக, தேவைப்படும்போது மட்டும் உடனடியாகச் சூடாக்கும் வெப்பப் பரிமாற்றியைப் பொருத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கோவை_மாணவி

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். ஆற்றல் பொறியியல் படிக்கிறேன். எங்களுக்கு வீட்டைச் சூடாக்கும் தேவை இல்லை. ஆனால் தென்மேற்குப் பருவக்காற்றின்போது முப்பந்தல் பக்கத்துக் காற்றாலைகளைச் சில வேளைகளில் நிறுத்திவைக்கச் சொல்கிறார்கள். இதே முறையைக் குளிர்நீருக்குப் பயன்படுத்த முடியாதா?

கொதிகலன்காவல்

முடியும், தங்கையே, குஜராத்தின் கிஃப்ட் சிட்டியில் பல கட்டடங்களுக்குப் பொதுவான குளிர்நீர் வலை ஏற்கெனவே இயங்குகிறது. ஆனால் கணக்கில் ஒரு கடினம் உண்டு. சுடுநீரில் 50 பாகை வித்தியாசம் கிடைக்கிறது. குளிர்நீர் 5 பாகையில் போய் 13 பாகையில் திரும்பினால் வெறும் 8 பாகைதான். ஒரு கன மீட்டருக்கு 58 யூனிட் என்பது 9 யூனிட்டாகச் சுருங்கிவிடும். அதே ஆற்றலைத் தேக்க ஆறு மடங்கு பெரிய தொட்டி வேண்டும், அல்லது தண்ணீரைப் பனிக்கட்டியாக உறையவைக்க வேண்டும். கட்டி உருகும்போது எடுத்துக்கொள்ளும் வெப்பம் கன மீட்டருக்கு 90 யூனிட் அளவில் இருக்கும். உறையவைக்கக் கூடுதல் மின்சாரம் ஆகும் என்றாலும், வேண்டாம் என்று நிறுத்திவைக்கும் மின்சாரமாக இருந்தால் அந்தக் கணக்கே வேறு. ஆய்வேட்டுக்குத் தலைப்புத் தேடுகிறீர்கள் என்றால், இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

செங்கல்வீடு

நேற்று மாலை நிறுவனத்துக்குத் தொலைபேசியில் அழைத்து இரண்டு கேள்விகள் கேட்டேன். தொட்டி எவ்வளவு பெரியது என்றேன். 4,000 கன மீட்டர் என்றார்கள், இவ்வளவு குறிப்பாக யாரும் கேட்டதில்லை என்று வியப்போடு சொன்னார்கள். வெப்பம் எதிலிருந்து வருகிறது என்றேன். இப்போதைக்குப் பெரும்பகுதி மரச்சீவல், ஹீட் பம்ப்புக்கான அடித்தளம் இந்தக் கோடையில் போடப்படும் என்று மறைக்காமல் சொன்னார்கள். முகப்பில் இருந்த காற்றாலைப் படம் சற்று முந்திக்கொண்டுவிட்டது போலும்.

எங்கள் தெருவில் வீடுகள் தோளோடு தோள் உரசி நிற்கின்றன. ஆகவே படிவத்தில் கையெழுத்திட்டுவிட்டேன். எரிவாயு இணைப்பை எப்போது துண்டிப்பது என்பதைப் பிறகு கேட்கிறேன். இரவு வீடு முழுவதும் நடந்து ரேடியேட்டர்களின் அடியில் கைவைத்துப் பார்த்தேன். ஏழில் மூன்று மேலும் கீழும் ஒரே சூடாக இருக்கின்றன. ஒன்று திறக்கவே மறுக்கிறது.